கேட்டோர் வரலாறு

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அறிந்தவர் கூறுவதைச் செவிமடுத்தல் கேள்வி. அறிய வேண்டியதை வினாவுதலும் கேள்வி. இவ்விரு செயல்களுக்கும் ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கினர். இந்த ஒற்றுமையைப் பற்றி நான் பல ஆண்டுகள் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தவர் சாத்தாங்காட்டில் வாழும் முதியவர் ஒருவர்.

திருவள்ளுவர் முதற்பொருளில் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரம் நிற்கும் இடத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் கல்வி, அடுத்துக் கல்லாமை, அதற்கடுத்துக் கேள்வி. கல்லாமையின் தாழ்வைக் கடுமையாக எடுத்துரைத்த ஆசிரியர், கல்லாதவரை அங்கேயே கைவிட்டுவிடவில்லை. நூல் கற்கும் வாய்ப்பு இல்லாது போனவனும் கற்றவர் சொல்லைக் கேட்கலாம். தளர்ச்சி வந்த வேளையில் அது ஊன்றுகோல் போலத் துணை நிற்கும் என்று வழிகாட்டினார். ஊன்றுகோல் என்ற உவமை இளைஞனை நினைவூட்டுவதன்று. வாழ்வின் பிற்பகுதிக்கும் கல்வி உண்டு என்ற கருத்து நம் மொழிக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சென்னையின் வடபகுதியில், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே அமைந்த ஊர் சாத்தாங்காடு. இரும்பு எஃகுச் சந்தையால் அவ்வூரின் பெயர் வெளியில் அறியப்படுகிறது. பகல் முழுவதும் கம்பிச் சுமையும் தகட்டுச் சுமையும் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் சாலையில் வரிசையாக நிற்கும். இரும்பு இறங்கும் ஓசையே அவ்வூரின் ஓசை. அங்கே பணியிலிருந்து ஓய்வு பெற்ற சிலர் மாதத்தில் ஒரு மாலை ஒரு சிறு கூடத்தில் கூடுகின்றனர். துறைமுகத்தில் உழைத்தவர், ஆலையில் உழைத்தவர், லாரி ஓட்டியவர், பள்ளியில் சமையல் செய்த அம்மையார் எனப் பல திறத்தினர் அவர்கள். ஒரு துறையில் வல்லவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லிக் கேட்பது அவர்கள் வழக்கம். ஒரு மாதம் கண் மருத்துவர் பேசுவார். ஒரு மாதம் ஓய்வூதிய விதிகளை அறிந்தவர் பேசுவார். மற்றொரு மாதம் விண்மீன்களைப் பற்றி ஒருவர் பேசுவார். ஒரு முறை திருவொற்றியூரின் பழைய வரலாற்றைச் சொல்லும்படி என்னை அழைத்தார்கள்.

நான் மகிழ்ச்சியோடு சென்றேன். திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகளில் எனக்கு மிக விருப்பமான ஒன்றைப் பற்றிப் பேசினேன். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் இராசாதிராச சோழனது ஒன்பதாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது. பங்குனி உத்திரத் திருவிழாவின்போது, கோயிலின் மகிழ மரத்தடியில், மன்னன் அமர்ந்து ஆளுடைய நம்பியின் புராணம் கேட்ட செய்தியை அது கூறுகிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரமூர்த்தி நாயனாரைக் குறிக்கும். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் திருவொற்றியூர். அம்மண வரலாற்றோடு பிணைந்தது அத்தலத்து மகிழ மரம். வரலாறு நிகழ்ந்ததாகக் கருதப்பட்ட இடத்திலேயே அவ்வரலாற்றைக் கேட்பது எத்துணைச் சுவையுடையது! மன்னனோடு மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரும், சோம சித்தாந்தத்தை விரித்துரைக்கும் வாகீச பண்டிதரும் இருந்தனர் என்று கல்வெட்டு பெயர் சுட்டுகிறது.

நாடாளும் மன்னனும் அறிஞர் முன் மாணவனாக அமர்ந்தான் என்று சொல்லி, ஐம்பது நிமிடப் பேச்சை நான் நிறைவு செய்தேன். கைதட்டினார்கள். நன்றி கூற ஒருவர் எழுந்தார். அப்பொழுது பின்வரிசையிலிருந்து, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். “சார், ராஜா கேட்டாரு, பண்டிதர் சொன்னாரு, சரி. அங்க வேற யாரும் குந்திக் கேக்கலையா? அவங்க பேரு கல்லுல இல்லியா?” என்றார்.

இல்லை என்பதே விடை. அதனைச் சொன்னேன். “எங்கள மாதிரி ஆளுங்கள உள்ள வுட்டிருப்பாங்களா?” என்று மீண்டும் கேட்டார். கூடம் அமைதியாகிவிட்டது. இரவாகிவிட்டமையால் கூட்டம் அத்துடன் கலைந்தது. ஐம்பது நிமிடம் பேசிய நான், கேட்டவர்களுக்கு ஐந்து நிமிடமும் வைத்திருக்கவில்லை. அக்குறை என்னுடையது. வீடு திரும்பும்போது அவருடைய வினாவே என் செவியில் ஒலித்தது. பேசியோர் வரலாற்றை நாம் எழுதியிருக்கிறோம். கேட்டோர் வரலாற்றை எழுதியிருக்கிறோமா? அந்த வினாவுக்கு நான் தேடிய விடையையே இங்கே மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழங்காலத்தைப் பார்ப்போம். வளர்ந்த மக்கள் பொதுவிடத்தில் கூடி அறிந்தவர் சொல்லைக் கேட்பதற்கு நம் நாட்டில் அரசும் ஊரும் பொருள் ஒதுக்கியிருந்தன. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடுகளில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு விடப்பட்டிருக்கிறது. திருவொற்றியூரிலேயே வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்ற பெயரில் ஒரு மண்டபம் இருந்தது. இலக்கணத்தைக் கொடையாக வழங்கிய இடம் என்பது அப்பெயரின் கருத்து. பாணினி முனிவர்க்குச் சிவபெருமான் இலக்கண மூலத்தை அருளிய தலம் இது என்பது அங்கே வழங்கிய நம்பிக்கை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இம்மண்டபத்தின் பராமரிப்புக்கும், ஆசிரியர் மாணவர் உணவுக்கும் நிலம் விடப்பட்டது.

இக்கல்வெட்டுகள் ஏன் கேட்டோரைக் குறிப்பதில்லை? கல்வெட்டு என்பது பெரும்பாலும் கொடைப் பத்திரம். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எவ்வளவு நிலம், அதன் நான்கெல்லை யாவை என்பனவே அதற்கு வேண்டியவை. பாரதம் வாசித்தவனுக்கு நெல் அளக்க வேண்டியிருந்தது. ஆகவே அவன் பதிவு பெற்றான். கேட்டவனுக்கு எதுவும் அளக்க வேண்டியதில்லை. ஆகவே அவன் பதிவு பெறவில்லை. வரலாற்று மாணவன் இதனை மறத்தலாகாது. சான்றில் இல்லாதவன் உலகில் இல்லாதவன் அல்லன்.

பெரியவரின் இரண்டாம் வினா இதைவிடக் கூர்மையானது. கோயில் மண்டபத்தில் யார் வேண்டுமாயினும் அமரலாம் என்ற நிலை நெடுங்காலம் நம் நாட்டில் இல்லை. தீண்டாமையின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் கோயிலுள் நுழையும் உரிமை சென்னை மாகாணம் முழுவதும் சட்டமாக உறுதிப்பட்டது 1947-ஆம் ஆண்டில்தான். ஆகவே மண்டபத்தில் நடந்த கேள்விக் கல்வி எத்துணை உயர்ந்ததாயினும், வேலிக்கு உட்பட்டதாகவே இருந்தது. நம் பெருமையைக் கூறும்போது இதனையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கல்வி மண்டபத்திலிருந்து மெல்ல வெளியே வந்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நிகழ்த்தினார். கிறித்தவ போதகர்கள் கையாண்ட மேடைப் பேச்சு முறையைச் சைவர்க்காக அவர் எடுத்துக்கொண்டார். சென்னையிலோ, துறைமுகத்தை அடுத்த முத்தியாலுப்பேட்டை முதலிய வணிகர் தெருக்களில் புராணச் சொற்பொழிவு வீடுகளில் நடைபெற்றது. தமையனார் நோயுற்றமையால் சிறுவர் இராமலிங்கர் அவருக்குப் பதிலாக அத்தகைய வீடொன்றில் பேசச் சென்றதும், கேட்டோர் வியந்ததும் வள்ளலார் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன. முதியோர்க்குக் கற்பிப்பவர் முதியவராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

வேலிக்கு வெளியே இருந்தோரும் தமக்கென மன்றம் அமைத்துக்கொண்டனர். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவர் 1907-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழ் பெயரிலேயே தன் விலையையும் தன் வாசகரையும் சொல்லிற்று. அறிவியற் பேராசிரியராகிய இலட்சுமி நரசு பௌத்த அறத்தைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார்.

இனி வடசென்னையின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர்த் துறைமுகம் விரிந்தது, ஆலைகள் எழுந்தன. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம் ஆலையும், அதனை அடுத்துக் கர்நாடிக் ஆலையும் தோன்றின. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் அவ்வாலைகளுக்கு உழைக்க வந்தனர். 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் வளர்ந்த ஆண் ஒருவன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்க இடங்கொடுத்த காலம் அது. நண்பகல் உணவுக்கு விட்ட இடைவேளை அரை மணி. அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்.

அவ்வாலைகளின் அருகே ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு சபை இருந்தது. அது சமயச் சொற்பொழிவுக்கென அமைந்த சபை. வணிகராகிய கோ. செல்வபதி செட்டியாரும், கோ. இராமாநுசலு நாயுடுவும் அதன் பணியில் ஈடுபட்டிருந்தனர். தொழிலாளர் பலர் வேலை முடிந்தபின் அங்கே வந்து கதையும் அறவுரையும் கேட்டனர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சபையில் பேசியவர்களுள் ஒருவர்.

பன்னிரண்டு மணி நேரம் பொறிகளின் ஓசையில் நின்ற உடல், அதற்குப்பின் ஒரு சபையில் அமர்ந்து சொற்பொழிவு கேட்டது என்றால், அந்த வேட்கையை நாம் எளிதாக எண்ணலாகாது. உறங்கியிருக்கலாம், கள்ளுக்கடைக்குச் சென்றிருக்கலாம். சிலர் அவ்வாறும் செய்திருப்பர். சபைக்கு வந்தவர்கள் கேட்க வந்தவர்கள். ஆயினும் அவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. தங்கள் குறைகளைச் செல்வபதி செட்டியாரிடம் எடுத்துரைக்கத் தொடங்கினர். உணவு வேளை போதவில்லை, கூலி போதவில்லை, மேலாட்கள் அடிக்கின்றனர் என்ற குறைகள் அவை. புராணம் கேட்க வந்தவன், தன் வயிற்றைப் பற்றிய நியாயத்தையும் கேட்க விரும்பினான். கேள்வி என்ற சொல்லின் முதற்பொருள் அங்கே இரண்டாம் பொருளாக மாறிற்று.

செல்வபதி செட்டியார் அவ்வினாவைத் தள்ளிவிடவில்லை என்பதே அவர் பெருமை. சமயச் சபையில் இதற்கு இடமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். 1918-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், சங்கராமாயம்மாள் தோட்டத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்று கூட்டப்பெற்றது. ஆசிரியப் பணியை விட்டுத் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியராகிவிட்டிருந்த திரு. வி. க. அதில் மேலைநாட்டுத் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிப் பேசினார். பின்னர்ச் செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் அன்னி பெசண்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குச் சென்று, அம்மையாரின் துணைவராக இருந்த பி. பி. வாடியாவைக் கண்டு தொழிலாளர் நிலையை விளக்கினர். வாடியா பெரம்பூருக்கு வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத்தலைவர்களுள் ஒருவர், செல்வபதியாரும் இராமாநுசலுவும் செயலாளர்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர் வரலாற்றாசிரியர்.

வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி இனத்தவர். அவர் ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் எடுத்துரைக்கப்பட்டது. அப்பேச்சுகள் 1921-ஆம் ஆண்டில் ஆங்கில நூலாகவும் வெளிவந்தன. சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று யாது தெரியுமா? உணவு இடைவேளையை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடமாக உயர்த்த வேண்டும் என்பது. பத்து நிமிடம்! கல்வியின் பயனைப் பெரிய சொற்களால் அளப்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பத்து நிமிடத்திலிருந்து தொடங்கிய பாதை நெடுந்தூரம் சென்றது. வாடியா 1919-ஆம் ஆண்டில் இலண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சான்று பகர்ந்தார். ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்குத் தடையாணை விதித்தது. தொழிற்சங்கம் சட்டத்தின் கண்ணில் யாது என்ற வினாவை அவ்வழக்கு நாடெங்கும் எழுப்பிற்று. 1926-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

இதனை வெற்றிக் கதையாக மட்டும் கூறி முடித்தல் முறையன்று. 1921-ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளரிடையே சாதிப் பிளவு தோன்றிற்று. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர் வேலைக்குத் திரும்பினர், மற்றையோர் திரும்பவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. ஒரே கூட்டத்தில் அமர்ந்து ஒரே பேச்சைக் கேட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்தனர். ஒன்றாகக் கேட்டல் ஒன்றாக வாழ்தல் ஆகிவிடுவதில்லை. ஒருவன் மற்றவன் துன்பத்தையும் கேட்டால்தான் அது ஆகும். அவ்வளவு தூரம் அன்றைய கேள்வி செல்லவில்லை. அவ்வாலைகள் 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அவர்கள் பெற்ற பாடமும் பெறாத பாடமும் நம் முன் நிற்கின்றன.

பேச்சு எப்பொழுது கல்வியாகிறது என்பதைப் பிற நாட்டாரும் ஆராய்ந்திருக்கின்றனர். இங்கிலாந்தில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்னும் எழுத்தர் 1903-ஆம் ஆண்டில் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அறிஞர் ஆர். எச். டானி 1908-ஆம் ஆண்டில் ராச்டேல், லாங்டன் என்னும் தொழில் நகரங்களில் வகுப்புகளைத் தொடங்கினார். வகுப்பு இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியருக்கு. இரண்டாம் மணி மாணவருக்கு. மட்பாண்டத் தொழிலாளரும் நெசவாலைத் தொழிலாளரும் ஆசிரியரை மறுத்துரைப்பர். தம் அனுபவத்தை எடுத்துக்காட்டுவர். மூன்றாண்டு தொடர்ந்து வருவதாக வாக்களிப்பர். பின்னாளில் பெரும் பொருளியல் வரலாற்றாசிரியராக விளங்கிய டானி, தாம் அம்மாணவரிடம் கற்றதை நன்றியுடன் நினைவுகூர்ந்தவர். இரண்டாம் மணியைக் கேட்போர்க்கு ஒதுக்கியதே அவ்வகுப்புகளின் உயிர்நிலை. சாத்தாங்காட்டில் நான் செய்யத் தவறியது அதுதான்.

வானொலி வந்தபோது கேட்போர் தொகை பெருகிற்று. ஆயின் வினவும் வழி சுருங்கிற்று. சென்னையில் 1924-ஆம் ஆண்டிலேயே ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்புச் செய்தது. அது பொருளின்றி நின்றபின், 1930-ஆம் ஆண்டில் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி அமைத்து மக்களைக் கேட்கச் செய்தது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. மருத்துவம், வேளாண்மை, இலக்கியம், அறிவியல் ஆகிய துறைகளின் வல்லுநர்கள் படிப்பறியாதவர் வீட்டுக்குள்ளும் சென்று பேசத் தொடங்கினர். ஆயினும் பெட்டிக்கு வாய் உண்டு, செவி இல்லை. கேட்பவன் தலையசைத்தானா, உறங்கினானா என்பதை அது அறியாது.

இக்குறையை நீக்க ஒரு முயற்சி 1956-ஆம் ஆண்டில் பூனா வட்டாரத்தில் நடைபெற்றது. அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோ நிறுவனமும் சேர்ந்து, ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் கேட்போர் மன்றங்களை அமைத்தன. வாரம் இரு முறை அரை மணி நிகழ்ச்சி. மன்றத்தினர் கூடிக் கேட்பர், கேட்டபின் விவாதிப்பர், ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவர், நிலையம் விடை கூறும். பால் நியூராத் என்ற சமூகவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். மன்றம் அமைந்த ஊர்களை, மன்றமில்லாத ஊர்களோடு ஒப்பிட்டார். பெட்டி மட்டும் இருந்த ஊரைவிட, கூடிக் கேட்டு வாதித்த ஊரிலேயே அறிவு தெளிவாக மிகுந்திருந்தது. எழுத்தறியாதவரும் அம்மன்றங்களில் முனைந்து பங்குகொண்டனர். வாய்க்கு இடங்கொடுத்தால் செவி கூர்மையாகும் என்பதை எண்ணிக்கை வாயிலாகவே அவ்வாராய்ச்சி காட்டிற்று.

நம் தமிழ்நாட்டிலும் அதன் பயனைக் கண்டோம். தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்வகை பரவியபோது, திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையை உழவர்க்குத் தொடர்ந்து எடுத்துரைத்தது. உழவர்கள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஒரு சொற்பொழிவு வயலில் விளைந்ததற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நகரத்தில் இப்பணியைத் தெருவே செய்தது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் நாளிதழைப் படிக்கப் பலர் கேட்டனர், கேட்டபின் வழக்காடினர். இராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தபோது, கொட்டும் மழையில் மக்கள் நின்று கேட்டனர் என்பது யாவரும் அறிந்த செய்தி. எக்கட்சியின் மேடையாயினும், வடசென்னைத் தொழிலாளி நாட்டு வரலாற்றையும் உலகச் செய்தியையும் அறிந்தது பெரும்பாலும் நின்றுகொண்டே கேட்ட பேச்சுகளால்தான்.

முதியோர் கல்வி என்றவுடன் கையெழுத்துப் போடக் கற்பித்தலை மட்டும் நினைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது மிக இன்றியமையாத பணி, ஐயமில்லை. ஆயின் 1978-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களையே முதன்மையாகக் கருதிற்று. பொருளாதாரக் காரணம் அதற்கு இருந்தது. ஆனால் முப்பத்தாறு வயதுடைய துறைமுகத் தொழிலாளி அந்த எல்லைக்கு வெளியே நின்றார். அவர்க்கு இன்னும் நாற்பதாண்டு வாழ்வு இருக்கக்கூடும் என்பதை யார் கணக்கிட்டார்? பிரான்சு நாட்டில் துலூசு நகரத்தில் 1973-ஆம் ஆண்டில் பேராசிரியர் பியர் வெல்லாசு, ஓய்வு பெற்றோர்க்கெனப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார். ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்ற அவ்வியக்கம் உலகின் பல நாடுகளில் பரவிற்று. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் வாழ்நாள் முழுவதும் கற்றலைப் பேசுகிறது. அதனையொட்டி வந்த எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கருதுகிறது. மேல் எல்லை நீங்கியது நல்ல செய்தி. கூடங்களும் ஆசிரியர்களும் அதற்கேற்பப் பெருக வேண்டும்.

நான் மீண்டும் சாத்தாங்காட்டுக்குச் சென்றேன். இம்முறை அரை மணி நேரமே பேசினேன். பெரம்பூர்ச் சபையின் கதையைச் சொல்லிவிட்டு அமர்ந்தேன். எஞ்சிய நேரம் அவர்களுடையதாயிற்று. பாரந்தூக்கி இயக்கிய பெரியவர், தம் சிறு வயதில் பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்ததையும், காற்றில்லாத வேளையில் கரையிலிருந்து ஆட்கள் கயிற்றால் அவற்றை இழுத்ததையும் விளக்கினார். கயிறு தோளில் எங்கே பதியும் என்பதை எழுந்து நின்று காட்டினார். அக்கால்வாயைப் பற்றி நூல்களில் நான் படித்திருந்தேன். தோளைப் பற்றி எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை. சமையல் செய்த அம்மையார், “சபைக்குப் பொம்பளைங்க வந்தாங்களா?” என்று கேட்டார். தெரிந்தவரையில் விடை கூறினேன். அடுத்த முறைக்குள் தேடி வருவதாகவும் சொன்னேன். தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கூட்டங்கள் நடைபெறும். கோயில் மண்டபத்திலோ, நூலகத்திலோ, சங்கக் கட்டடத்திலோ முதியோர் சிலர் அமர்ந்து யாரோ ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களைப் பொழுது போக்குபவர்கள் என்று கருதிக் கடந்து செல்லாதீர்கள். ஒரு மாலை அவர்களோடு அமருங்கள். பேசுபவரின் சொல்லைக் கேளுங்கள். அதனினும் கூர்ந்து, கேட்பவர் எழுப்பும் வினாக்களைக் கேளுங்கள். நீங்கள் என்றேனும் பேச அழைக்கப்பட்டால், உங்கள் நேரத்தில் பாதியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாம் கூட்டம் முடிந்த இரவு, வந்திருந்த பதினான்கு பேருடைய பெயர்களையும் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பாரந்தூக்கிப் பெரியவர் தம் பெயரைத் தாமே எழுதினார். மகிழ மரத்தடியில் அமர்ந்தோர் பெயரும், அம்மதிலுக்கு வெளியே நின்றோர் பெயரும் இனி நமக்குக் கிடைக்கப்போவதில்லை. இவர்கள் பெயரேனும் இருக்கட்டும்.